சோதனைக்குக் கார் கேட்டால் கொடுக்கலாமா? உரிமையாளர்கள் முதலில் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் தனியார் கார்களுக்கு வழங்கப்படும் காப்புறுதிச் சான்றிதழில் ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்று ஒரு பகுதி இருக்கும். பலரும் படிக்காமல் விட்டுவிடும் பகுதி அது. வாடகைக்கு விடுவது, பந்தயம், நம்பகத்தன்மைச் சோதனை ஓட்டம், வேகச் சோதனை, வாகனத் தொழில் சார்ந்த பயன்பாடு ஆகியவற்றுக்குக் காப்புறுதி பொருந்தாது என்று அதில் வழக்கமாகக் குறிப்பிடப்பட்டிருக்கும்.

கார் தயாரிப்பு நிறுவனமோ உதிரிபாக நிறுவனமோ, “காரை இரண்டு வாரம் கொடுங்கள், சோதித்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்” என்று கேட்டால், உரிமையாளர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தச் சான்றிதழைத்தான். நிறுவனம் தரும் அன்பளிப்பு, கட்டணம், இலவசப் பாகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேட்டவுடன் மறுத்துவிட வேண்டும் என்பதில்லை. தனியார் ஒருவர் கொடுத்த கார் உலகத்துக்கே உதவிய சம்பவமும் உண்டு. கார் கையைவிட்டுப் போயிருக்கும் நாள்களில் இழப்பு ஏற்பட்டால் அது யார் தலையில் விழும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

யார், எதற்காகக் கேட்கிறார்கள்?

உரிமையாளரின் காரைச் சோதனைக்குக் கேட்பதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, புகை வெளியேற்றச் சோதனை. புதிய கார் தொழிற்சாலையில் தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. மக்கள் கையில் ஓடிய பிறகும் அது விதிமுறைக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் எதிர்பார்க்கின்றன. அமெரிக்காவில் கார் தயாரிப்பாளர்கள், வாடிக்கையாளர்களிடமுள்ள கார்களை வரவழைத்துச் சோதித்து அரசாங்கத்திடம் அறிக்கை தர வேண்டும். ஐரோப்பாவில், ஓரளவு ஓடிய, ஆனால் 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீட்டரைத் தாண்டாத கார்கள் இதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இரண்டாவது வகை, புகார் விசாரணை. பிரேக் பிடிக்கவில்லை, கார் தானாக வேகமெடுத்தது என்று உரிமையாளர் புகார் கொடுக்கும்போது, காரணத்தைக் கண்டறிய நிறுவனம் காரை எடுத்துச் செல்லும்.

மூன்றாவது வகை, பாகம் பொருத்திப் பார்ப்பது. பின்புறக் கேமரா, புகைக்குழாய், இருக்கை உறை, வெளிப்புற அலங்காரப் பாகம் போன்றவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அளவெடுக்க உண்மையான கார் வேண்டும். சந்தைக்குப் புதிதாக வந்த கார் என்றால் அந்தத் தேவை இன்னும் அதிகம். உபி, காக்கி புக்கிட், சின் மிங் வட்டாரப் பட்டறைகளுக்குச் செல்லும் சாதாரண உரிமையாளரிடம் வந்துசேரக்கூடியது பெரும்பாலும் இந்த வகைதான். “முதல் பாகம் உங்களுக்கு இலவசம்” என்பது இதில் வழக்கமான பேச்சு.

தனியார் கார் ஒன்று வெளிக்கொண்டுவந்த உண்மை

கார் கொடுப்பதால் என்ன நன்மை என்று கேட்போருக்குச் சரியான எடுத்துக்காட்டு ஃபோக்ஸ்வேகன் விவகாரம்.

2013ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று டீசல் கார்களைச் சோதித்தார்கள். ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, பிஎம்டபிள்யூ எக்ஸ்5 ஆகிய இரண்டும் வாடகை நிறுவனங்களிலிருந்து வந்தவை. மூன்றாவதான ஃபோக்ஸ்வேகன் பசாட், தனியார் உரிமையாளர் ஒருவருடையது. ஆய்வுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த அரவிந்த் திருவேங்கடம்.

கார்களின் புகைக்குழாயில் அளவிடும் கருவியைப் பொருத்திச் சாதாரணச் சாலைகளில் ஓட்டினார்கள். ஜெட்டாவிலிருந்து வெளியேறிய நைட்ரஜன் ஆக்சைடு, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 15 முதல் 35 மடங்காக இருந்தது. பசாட்டில் அது 5 முதல் 20 மடங்கு. பிஎம்டபிள்யூ பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தது.

2014இல் அறிக்கை வெளியானது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஃபோக்ஸ்வேகன்மீது குற்றஞ்சாட்டியது. சோதனைக்கூடத்தில் இருப்பதைக் காரே கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள் பொருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 11 மில்லியன் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

தனியாரிடமிருந்து வந்த அந்த பசாட், சோதனையின்போது லாஸ் ஏஞ்சலிசுக்கும் சியாட்டிலுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் ஓடியது. சிங்கப்பூர் உரிமையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘சிறிய சோதனை’ என்று சொல்லப்படுவதற்கும் மீட்டரில் ஏறும் எண்ணுக்கும் தொடர்பு இருக்கவேண்டியதில்லை. எத்தனை கிலோமீட்டர் என்பதை முன்கூட்டியே கேட்டு வரம்பு வைப்பது உரிமையாளரின் பொறுப்பு.

காப்புறுதி எங்கே நின்றுவிடும்?

காரைப் பழுதுபார்க்கப் பட்டறையில் விடுவது ஒன்று. சோதனைக்காக நிறுவனத்திடம் கொடுப்பது வேறொன்று. பழுதுபார்ப்புக்காகப் பட்டறையில் இருக்கும் காருக்குப் பொதுவாகக் காப்புறுதி தொடரும். சோதனைக்குக் கொடுத்தால் அப்படி இருக்காது.

வேகம், பிரேக், தாங்கும் திறன் ஆகியவற்றைச் சோதிப்பது சான்றிதழிலுள்ள விலக்கின்கீழ் வரக்கூடும். காருக்காக நிறுவனம் பணம் கொடுத்தால் ‘வாடகைக்கு விடுவது’ என்ற கேள்வியும் எழும். ஓட்டுபவர் நிறுவன ஊழியர் என்றால் ‘வாகனத் தொழில் சார்ந்த பயன்பாடு’ என்று காப்புறுதி நிறுவனம் சொல்ல இடமுண்டு. குறிப்பிட்ட ஓட்டுநர்களுக்கு மட்டும் பொருந்தும் காப்புறுதி என்றால் நிலைமை இன்னும் இறுக்கமானது.

பலரின் காப்புறுதி மேற்கு மலேசியாவுக்கும் செல்லும். ஆனால் அது சாதாரணப் பயணத்துக்கானது. காரைச் சிப்பாங் பந்தயத் தடத்துக்கு எடுத்துச் சென்று வேகமாக ஓட்டிப் பார்ப்பதற்கு அது பொருந்தும் என்று யாரும் எண்ணக்கூடாது.

இதில் பணம் மட்டுமல்ல, சட்டமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாத வாகனத்தை ஓட்டுவது மட்டுமன்றி, பிறர் ஓட்ட அனுமதிப்பதும் சிங்கப்பூரில் குற்றம். 1,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வாகனம் ஓட்டும் உரிமமும் 12 மாதங்களுக்குப் பறிபோகலாம். நிறுவன ஊழியர் ஓட்டிய காருக்காகத் தன் உரிமத்தை இழந்தால், வேலைக்கே கார் தேவைப்படும் ஒருவருக்கு அது பெரிய அடி.

ஆகவே இரண்டு கடிதங்கள் தேவை. ஒன்று, சொந்தக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, இன்ன சோதனைக்கு, இன்னார் ஓட்டினால் காப்புறுதி உண்டா இல்லையா என்று. மற்றொன்று, காரைக் கேட்கும் நிறுவனத்திடமிருந்து: அந்த நாள்களுக்கு அவர்கள் எடுத்திருக்கும் காப்புறுதியின் நகல். வாய்மொழி உறுதி போதாது.

வங்கிக் கடன் இருந்தால்

தவணைமுறையில் வாங்கிய காருக்கு, கடன் முடியும்வரை சட்டப்படி உரிமையாளர் வங்கி அல்லது நிதி நிறுவனம்தான். சிங்கப்பூரில் கார்க் கடனை 7 ஆண்டுவரை நீட்டிக்கலாம் என்பதால் சாலையில் ஓடும் பல கார்களின் நிலை இதுதான். அனுமதியின்றிக் காரைப் பிறர் கையில் ஒப்படைப்பதையும் அதில் மாற்றம் செய்வதையும் கடன் ஒப்பந்தங்கள் வழக்கமாகத் தடுக்கின்றன. வங்கியிடம் எழுத்துமூலம் கேட்காமல் இறங்கக்கூடாது.

வாடகைக்கு எடுத்த காரில் தனியார் வாடகைக் கார் சேவை ஓட்டுவோருக்கு இந்த முடிவெடுக்கும் உரிமையே இல்லை. கார் வாடகை நிறுவனத்துக்குச் சொந்தமானது.

ஒரு நாளுக்கு என்ன விலை?

வேறு நாடுகளில் இரண்டு வாரம் கார் இல்லாமல் இருப்பது சிரமம் மட்டுமே. இங்கே அது கணக்கிடக்கூடிய பணம்.

வாகன உரிமைச் சான்றிதழ் 1990ஆம் ஆண்டு அறிமுகமானது. அதன் ஆயுள் 10 ஆண்டு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவில் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. கணக்குக்காக 100,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 27 வெள்ளி ஆகிறது. கார் வீட்டில் நின்றாலும் பட்டறையில் நின்றாலும் அந்தப் பணம் கரைந்துகொண்டே இருக்கும். 14 நாளுக்கு அது ஏறக்குறைய 380 வெள்ளி. சாலை வரி, காப்புறுதி, வீவக வாகன நிறுத்துமிடத்தின் சீசன் கட்டணம் ஆகியவை தனி.

நிறுவனம் தருவதாகச் சொல்லும் பாகத்தின் விலையை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 200 வெள்ளிக் கேமராவுக்காக இரண்டு வாரம் காரைக் கொடுப்பவர் உண்மையில் நட்டத்தில்தான் இருக்கிறார்.

மாற்றுக் கார் கொடுத்தால் கணக்கு மாறும். அமெரிக்காவில் அரசாங்க அமைப்புகள் புகைச் சோதனைக்குக் கார் வாங்கும்போது மாற்றுக் காரும் ஊக்கத்தொகையும் தருவது வழக்கம். இங்கேயும் அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் சீசன் பார்க்கிங் வாகன எண்ணோடு இணைந்தது என்பதால், மாற்றுக் காரை அதே இடத்தில் நிறுத்தக் கழகத்திடம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சோதனை முடிவு சுமையாகவும் மாறலாம்

சோதனையின் முடிவு உரிமையாளரின் பணத்தைத் தொடும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சம்பவம் உண்டு. அதில் காரைச் சோதித்தது தயாரிப்பு நிறுவனம் அல்ல. பதிவுக்கான கட்டாயச் சோதனை அது. ஆனாலும் பாடம் பொருந்தும்.

சிங்கப்பூர்வாசி ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட டெஸ்லா மாடல் எஸ் மின்காரை ஹாங்காங்கிலிருந்து இறக்குமதி செய்தார். அப்போதைய கரிம வெளியேற்ற வாகனத் திட்டத்தின்கீழ் கார் சோதிக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கு 444 வாட்மணி மின்சாரம் செலவானதாக முடிவு வந்தது. மின்நிலையத்தில் அந்த மின்சாரத்தை உற்பத்தி செய்யும்போது வெளியேறும் கரியமிலவாயு, ஒரு வாட்மணிக்கு 0.5 கிராம் என்று கணக்கிடப்பட்டது. அதன்படி கிலோமீட்டருக்கு 222 கிராம். புகைக்குழாயே இல்லாத காருக்கு 15,000 வெள்ளி கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது.

அதே வகைக் கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது கிலோமீட்டருக்கு 181 வாட்மணிதான் செலவாகும் என்று டெஸ்லா கூறியது. நிலப் போக்குவரத்து ஆணையமோ, அனைத்துலகத் தரநிலையின்படியே சோதனை நடந்ததாகத் தெரிவித்தது. 2018இல் அந்தத் திட்டத்துக்குப் பதிலாக வேறொரு திட்டம் நடப்புக்கு வந்தது.

எண்கள் ஏன் இவ்வளவு வேறுபட்டன என்பதைவிட உரிமையாளர்களுக்கு முக்கியமான ஒன்று உண்டு. சோதனை முடிவு காகிதத்தில் ஏறிவிட்டால், அது காருடன் ஒட்டிக்கொள்ளும். நிறுவனம் நடத்தும் சோதனையில் காரில் குறை கண்டுபிடிக்கப்பட்டால் உரிமையாளருக்குச் சொல்வார்களா, பழுதை யார் செலவில் சரிசெய்வது, முடிவை யாரிடம் பகிர்வார்கள் என்பவற்றை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

புகார் கொடுத்த காரை ஒப்படைக்கும்போது

புகார் விசாரணையில் நிறுவனமும் உரிமையாளரும் எதிரெதிர்த் தரப்புகளாக மாற வாய்ப்புண்டு. காரே அங்கு சாட்சி.

டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுப்பதாக 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. விசாரணையைத் தயாரிப்பாளரிடம் மட்டும் விட்டுவிடாமல், அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு நாசா விண்வெளி அமைப்பின் பொறியாளர்களை அழைத்தது. புகார் கொடுத்தவர்களின் கார்களையே வாங்கிச் சோதித்தார்கள். மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்கு ஆதாரமில்லை என்று 2011 பிப்ரவரியில் முடிவு வெளியானது. சிக்கிக்கொள்ளும் வேகமிதியும் கால்மிதி விரிப்புமே காரணங்களாகச் சொல்லப்பட்டன.

விபத்துக்குச் சற்று முன் வேகம் எவ்வளவு, பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதைப் பதிவு செய்யும் கருவி இப்போதைய பல கார்களில் உண்டு. கழற்றிய பாகமும் அழிந்த பதிவும் திரும்பி வராது. ஆகவே காரை ஒப்படைக்கும் முன் நாலாபுறமும் படமெடுப்பது, பதிவுகளின் நகலைக் கேட்பது, கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர எழுதி வாங்குவது ஆகியவை அவசியம். யாருக்காவது காயம் ஏற்பட்ட சம்பவம் என்றால், வழக்கறிஞரிடம் பேசாமல் காரை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பொருத்திய பாகம் சட்டப்படி சரியா?

சோதனை முடிந்து இலவசப் பாகத்துடன் கார் திரும்பி வரும். அந்தப் பாகம் அனுமதிக்கப்பட்டதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர்.

வாகன மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை. சட்டவிரோத மாற்றத்துக்கு முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சந்தைக்கே வராத சோதனைப் பாகம் அனுமதி பெற்றிருக்க வாய்ப்புக் குறைவு. மூன்று வயதைத் தாண்டிய கார்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அங்கேயும் இது சிக்கலாகும்.

உத்தரவாதமும் கவனிக்கப்பட வேண்டும். வெளிப் பட்டறையில் பராமரித்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ரத்து செய்யும் நிபந்தனைகளை, போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டுக்குப் பிறகு கார் விற்பனை நிறுவனங்கள் 2017இல் கைவிட முன்வந்தன. ஆனால், வெளியே செய்த வேலையால்தான் பழுது ஏற்பட்டது என்றால் அவை இன்றும் மறுக்கலாம்.

காருக்குள் இருக்கும் விவரங்கள்

காரின் திரையில் வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளி, அடிக்கடி போகும் கோயில், கைப்பேசித் தொடர்புகள் எல்லாம் பதிவாகியிருக்கும். கேமராவின் அட்டையில் குடும்பப் பேச்சும் இருக்கலாம். கொடுக்கும் முன் இவற்றை அழிப்பதும், அட்டைகளை எடுத்துவிடுவதும் நல்லது. மின்னியல் சாலைக் கட்டணத்துக்கான பண அட்டையையும் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் நிறுவனத்தின் பயணத்துக்கு உரிமையாளர் பணம் கட்டுவார். சோதனையில் திரட்டப்படும் விவரங்கள் எதற்குப் பயன்படும், எப்போது அழிக்கப்படும் என்று கேட்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் துணைநிற்கிறது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

சம்மதிப்பதென்று முடிவானால், கீழ்க்காணும் விவரங்கள் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

- நிறுவனத்தின் பதிவுப் பெயர், பொறுப்பான அதிகாரி
- கொடுக்கும் தேதி, நேரம், திரும்பும் தேதி, தாமதமானால் நாளொன்றுக்கு எவ்வளவு
- செய்யப்படும் சோதனைகள், செய்யக்கூடாதவை
- கிலோமீட்டர் வரம்பு. கார் சிங்கப்பூரைவிட்டு வெளியே போகுமா
- ஓட்டுபவர்களின் பெயர், உரிம விவரம்
- நிறுவனத்தின் காப்புறுதி நகல். விபத்தில் உரிமையாளர் ஏற்கவேண்டிய தொகையை யார் கட்டுவது
- போக்குவரத்துக் குற்றம், சாலைக் கட்டணம், நிறுத்தக் கட்டணம் யாருடைய பொறுப்பு
- கழற்றிய பாகங்களை மீண்டும் பொருத்தி, காரைப் பழைய நிலையில் ஒப்படைக்கும் உறுதி
- கார் முழுமையாகச் சேதமடைந்தால் தரவேண்டிய தொகை, எஞ்சியுள்ள உரிமைச் சான்றிதழ் காலத்தையும் சேர்த்து
- சோதனை முடிவின் நகல்

வேகக் கேமராவில் கார் சிக்கினால் கடிதம் பதிவுபெற்ற உரிமையாளரின் வீட்டுக்குத்தான் வரும். அன்று யார் ஓட்டினார் என்று அவர் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். ஓட்டுபவரின் பெயர் பட்டியலில் இருப்பது அதற்காகத்தான்.

தகராறு வந்தால் சிறு கோரல்கள் நடுவர் மன்றத்தை நாடலாம். வரம்பு 20,000 வெள்ளி. இருதரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி. ஆனால், வாகன விபத்தால் ஏற்பட்ட சேதத்துக்கான கோரிக்கைகளை அது ஏற்பதில்லை. ஒரு காரின் விலையே அந்த வரம்பைவிடப் பல மடங்கு என்பதால், பிறகு நடுவர் மன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் கையெழுத்திடுவது சரியல்ல.

எப்போது சரி, எப்போது வேண்டாம்?

உரிமையாளர் அருகிலேயே இருக்க, சில மணி நேரம் பட்டறையில் அளவெடுத்துவிட்டுத் திருப்பித் தரும் கோரிக்கையில் ஆபத்து குறைவு. பல்கலைக்கழகமோ அரசாங்க அமைப்போ தெளிவான ஒப்பந்தம், சொந்தக் காப்புறுதி, மாற்றுக் கார் ஆகியவற்றுடன் கேட்டால் அதைப் பரிசீலிக்கலாம். பொதுநலனுக்குப் பயன்படும் ஆய்வு என்றால் அது தனி மனநிறைவு.

காப்புறுதி நகலைக் காட்டத் தயங்கும் நிறுவனம், ஓட்டுபவர் யாரென்று சொல்லாத நிறுவனம், “எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று வாய்ப்பேச்சோடு நிறுத்தும் நிறுவனம் ஆகியவற்றுக்குக் காரைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. தெரிந்தவர், சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர் வழியாக வந்த கோரிக்கை என்றாலும் இதில் விலக்கில்லை. விபத்து நடந்தபின் காகிதம் கேட்டால் உறவும் கெடும், காரும் போகும். முதல் நாளே கேட்டுவிட்டால் இரண்டும் மிஞ்சும்.